அணைச்சுட்டுத்தான் கை வெச்சேன்

போன வாரம் தேனிக்காரன் போன் பண்ணியிருந்தான். காலேஜில் முதல் வருஷம் என்னோடு ஒரே ரூமில் இருந்தவன். ஹாஸ்டலில் அப்போ எங்களுக்கெல்லாம் ஊர்தான் பேர். அவன் தேனிக்காரன், இன்னொருத்தன் அரியலூரான், நான் கோவில்பட்டி. இன்னிக்கு வரைக்கும் என் போனில் அவன் நம்பர் 'தேனி' என்றுதான் இருக்கிறது.

"மாப்ள, பொண்ணை இஞ்சினியரிங் சேர்த்தாச்சு. ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்ல விடணும். பக்கெட்டு, கப்பு, தலகாணின்னு ஒரு லிஸ்ட் எழுதி வச்சிருக்கா. அதுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு. நீதான் கரண்ட் வாத்தியாராச்சே, எதை வாங்கறதுன்னு சொல்லேன்."

சாதாரணக் கேள்விதான். ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்லியிருக்கலாம். நான் "நாளைக்குச் சொல்றேன்டா"ன்னு சொல்லி வச்சுட்டேன். நாலு நாள் சொல்லவே இல்லை. ஏன்னா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பத்தி நான் அவனுக்குச் சொல்ல வேண்டியது வேற ஒண்ணு பாக்கி இருந்தது. அதுவும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பாக்கி.

பதிவு கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க. கொசுவத்திச் சுருளை நல்லா சுத்திக்கோங்க. வருஷம் 1997.

எங்க ரூமுக்கு மூணு கட்டில், மூணு மேஜை, ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதுவும் கதவுக்குப் பக்கத்தில். மேஜைகளோ எதிர்ப்பக்கம் ஜன்னலோரம். கட்டிடம் கட்டினவர் மாணவர்கள் எல்லாரும் கதவு நிலையில் சாய்ஞ்சு நின்னுக்கிட்டே படிப்பாங்கன்னு நினைச்சிருப்பார் போல. அந்தப் பாயின்டுக்கு மேல இருந்த சுவிட்ச் நாங்க வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சு, எப்பவும் ஆன்லயே நிக்கும். புகார் நோட்டில் எழுதினோம். எங்களுக்கு முந்தின செட்டும் எழுதியிருந்தது. அதுக்கு முந்தின செட்டும்.

அதனால் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். சீனியர் ஒருத்தர் ரூம் காலி பண்ணும்போது விட்டுட்டுப் போனது. மரப்பெட்டி. மேல ரெண்டு சாக்கெட், ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு இண்டிகேட்டர். வயர், அந்தக் காலத்து முறுக்கு வயர். ரெண்டே கம்பி. மூணாவதா வர வேண்டிய எர்த் கம்பி கிடையாது. சாக்கெட்டில் மட்டும் மேல பெரிய ஓட்டை அழகா இருக்கும், பிள்ளையார் கோயில் உண்டியல் மாதிரி. உள்ளே ஒண்ணும் இருக்காது. வயர் நடுவில் ஒரு இடத்தில் ஒட்டுப் போட்டு இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கும். வயர் முனையில் ப்ளக் இருந்து, அது உடைஞ்சு போச்சு. புதுசு வாங்க மூணு பேர்ல யாருக்கும் மனசு வரலை. கம்பி முனை ரெண்டையும் சீவி, சுவர் ஓட்டையில் விட்டு, ஆளுக்கொரு தீக்குச்சியைச் சொருகி இறுக்கிடுவோம்.

சிரிக்காதீங்க. உங்கள்ல பாதிப் பேர் இதைச் செஞ்சிருப்பீங்க :-)

அந்தத் தீக்குச்சி வேலையில் நான்தான் எக்ஸ்பர்ட். ரூமில் எலக்ட்ரிகல் பிராஞ்ச் நான் ஒருத்தன்தான். ஒரு செமஸ்டர்கூட முடியலை, அதுக்குள்ள கரண்டுன்னா கோவில்பட்டியைக் கூப்பிடுன்னு பேர் வாங்கியாச்சு. ராத்திரி யாராவது கால் தட்டி வயர் கழண்டு போகும். காலையில் நான் எழுந்து சொருகிட்டு மறுபடி படுத்துப்பேன்.

அது மார்கழி மாசம். செமஸ்டர் எக்ஸாம். எனக்கு லேசா காய்ச்சல். பக்கத்து ரூமில் இருந்து வெந்நீர் போடற ராடு இரவல் வாங்கி வந்திருந்தோம். பழைய ராடு, உப்புத் தண்ணி பட்டுப் பட்டு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்திருக்கும். அன்னிக்கும் வயரை நான்தான் சொருகினேன். தேனிக்காரன் பாத்ரூமிலிருந்து பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணி தூக்கிட்டு வந்தான், வழியெல்லாம் தளும்பித் தரை ஈரம். ராடைப் போட்டாச்சு. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, "சூடாயிருச்சா பாருடா"ன்னு குரல் கொடுத்தேன்.

டக்குன்னு சுவிட்ச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது. அதை எப்படி எழுதறதுன்னு தெரியலை. கத்தல் இல்லை. கத்த வராதபோது வர்ற சத்தம்.

போர்வையை விலக்கிப் பார்த்தா, கை பக்கெட்டுக்குள்ள, உடம்பு முழுக்க விறைச்சு நிக்கறான். எனக்கு என்ன தோணுச்சோ, கட்டிலிலிருந்து குதிச்சு முறுக்கு வயரைப் பிடிச்சு ஒரே இழுப்பு. தீக்குச்சியோட சேர்ந்து பிச்சுக்கிட்டு வந்தது. அவன் அப்படியே பின்னால சாய்ஞ்சு இரும்புக் கட்டில் மூலையில் மண்டையை இடிச்சுக்கிட்டான். புருவத்துக்கு மேல நாலு தையல். ரெண்டு நாள் கை மரத்துக் கிடந்தது. அவ்வளவோட போச்சு.

போகாம இருந்திருக்கலாம். அதுதான் விஷயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "மாப்ள, நான் சுவிட்சை அணைச்சுட்டுத்தான் கை வெச்சேன்." அரியலூரான், "அணைச்சா எப்படிடா ஷாக் அடிக்கும்?" என்றான். நானும் அதையேதான் கேட்டேன். எலக்ட்ரிகல்காரன் வேற, என் வார்த்தைக்கு மதிப்பு ஜாஸ்தி. வார்டன் மூணு பேருக்கும் ஃபைன் போட்டார். அவன் மட்டும் கூடுதலா அப்பாவைக் கூட்டிட்டு வரணும்னார்.

அவர் தேனியிலிருந்து ராத்திரி பஸ் பிடிச்சு வந்தார். வெள்ளை வேட்டி, மஞ்சப் பை. வார்டன் ரூமில் உட்காரச் சொல்லியும் உட்காரலை. "கரண்ட் ஓடிக்கிட்டிருக்கும்போதே தண்ணியில கையை விட்டிருக்கான் சார் உங்க பையன். படிக்கிற பையனுக்கு இவ்வளவு புத்தி வேணாமா?" என்று வார்டன் கேட்டார். அவர் கையைக் கட்டிக்கிட்டுத் தலையாட்டினார். வெளியே வந்து மகனோட தையலைத் தடவிப் பார்த்துட்டு, "அணைச்சுட்டு வைக்கக் கூடாதாப்பா" என்றார், கோபமே இல்லாம. தேனிக்காரன் பதில் சொல்லலை. என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அப்போ எனக்கு உண்மையிலேயே தெரியாதுங்க. அவன் பயத்துல மறந்துட்டு, அணைச்சதா நினைச்சுக்கிறான்னுதான் நம்பினேன். நான் கேட்ட அந்த 'டக்'கைக்கூட நானே நம்பலை.

தெரிஞ்சது மூணாம் வருஷம். லேபில் எங்க லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒருத்தர். டிப்ளமாகூட கிடையாது, ஆனா மோட்டார் சத்தத்தை வச்சே எந்தப் பேரிங் போச்சுன்னு சொல்லுவார். ஒருநாள் டெஸ்டரை எடுத்து ஒரு போர்டில் வச்சுக் காட்டினார். சுவிட்ச் ஆஃப். டெஸ்டர் எரியுது. "ஏன்னு சொல்லுங்கப்பா" என்றார். ஒருத்தனுக்கும் தெரியலை.

விஷயம் ரொம்ப எளிசு. கரண்டுக்கு ரெண்டு கம்பி. ஒண்ணு ஃபேஸ், 230 வோல்ட் அதில்தான் இருக்கு. இன்னொண்ணு நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போற வழி. ஒத்தைச் சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் வெட்டும். அது ஃபேஸ் கம்பியில் இருந்தா, அணைச்சதும் அந்தப் பக்கம் எல்லாம் செத்துடும். நியூட்ரல் கம்பியில் இருந்தா? அணைச்சா பல்பு எரியாது, ராடு சூடாகாது, இண்டிகேட்டர் அணைஞ்சுடும். எல்லாம் செத்த மாதிரிதான் தெரியும். ஆனா ஃபேஸ் ராடுக்குள்ள வந்து அப்படியே காத்துக்கிட்டு நிக்கும், திரும்பிப் போக ஒரு வழி கிடைக்குமான்னு. ராடு உறையில் பொத்தல் இருந்தா தண்ணிக்கு வந்துடும். தண்ணியில் ஒரு கை, ஈரத் தரையில் வெறுங்கால். வழி கிடைச்சாச்சு.

மூணு பின் ப்ளக்கில் இந்தக் குழப்பம் வராது. ஒரே ஒரு விதமாத்தான் சொருக முடியும். சாக்கெட்டை நேரே பார்த்தா மேல எர்த், வலது கைப் பக்கம் ஃபேஸ், இடது நியூட்ரல். ஆனா சீவின கம்பிக்கு வலது ஏது, இடது ஏது? முறுக்கு வயரில் ரெண்டும் ஒரே நிறம் வேற. தினமும் காலையில் நான் தூக்கக் கலக்கத்தில் சொருகும்போது, ஃபேஸ் எந்தக் கம்பியில் போகுதுங்கறது பூவா தலையா மாதிரிதான். பாதி நாள் சரியா விழுந்திருக்கும். அன்னிக்கு மாறி விழுந்தது.

லேபில் எல்லாரும் 'ஓ'ன்னு சொல்லிட்டு அடுத்த எக்ஸ்பெரிமென்டுக்குப் போயிட்டாங்க. நான் டெஸ்டரையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்கணும் இல்லையா? அவன் அப்போ வேற பிளாக்கில் இருந்தான், சிவில் பசங்களோட. நடந்தா அஞ்சு நிமிஷம். போகலை. இன்னிக்குப் போகலாம், செமஸ்டர் முடியட்டும், ஊருக்குப் போகும்போது சொல்லலாம்... அப்புறம் படிப்பு முடிஞ்சு போச்சு. அவன் கல்யாணத்துக்குப் போய் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் அப்பா வந்து "எலக்ட்ரிகல் தம்பி, நல்லா சாப்பிடுங்க"ன்னு எனக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னார். அப்பவும் சொல்லலை. அவர் இப்போ இல்லை.

இதில் கொடுமை என்னன்னா, வாத்தியாரான பிறகு வருஷா வருஷம் இந்தக் கதையை கிளாஸில் சொல்றேன். "ஒரு ஹாஸ்டல்ல ஒரு பையன்..."ன்னு ஆரம்பிப்பேன். தீக்குச்சி சொருகினது யார்னு மட்டும் சொன்னதில்லை. பசங்களும் கேட்டதில்லை.

சரி, இன்னிக்கு நிலவரத்துக்கு வருவோம். நான் வேலை பார்க்கிற காலேஜில் ஹாஸ்டல் ரெய்டுக்கு எலக்ட்ரிகல் டிபார்ட்மென்ட் ஆள் ஒருத்தர் போகணும். பெரும்பாலும் அது அடியேன்தான். ராத்திரி எட்டு மணிக்கு வார்டன், ரெண்டு வாட்ச்மேன், நான். ரூம் ரூமா போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கெட்டில், இண்டக்‌ஷன் ஸ்டவ், ராடு எல்லாத்தையும் ஒரு சாக்கில் போட்டுக்கிட்டு வர்றது. தீக்குச்சி சொருகினவன் திருடன் பிடிக்கக் கிளம்பின கதை.

போன ரெய்டில் ஒரு ரூமில் ஒரு பையன். பாக்ஸைக் கழட்டித் தானே சாக்கில் போட்டுட்டு, மரியாதையாத்தான் கேட்டான்: "சார், நாலு பேர், நாலு லேப்டாப், நாலு போன். ரூமுக்கு ரெண்டு பாயின்ட். அசைன்மென்ட்லாம் ஆன்லைன்ல போடணும்னு நீங்களே சொல்றீங்க. நாங்க என்ன சார் பண்றது?"

வார்டன் "எதுத்துப் பேசறியா?" என்றார். எனக்கு அந்த உடைஞ்ச சுவிட்சும் புகார் நோட்டும் ஞாபகம் வந்தது. அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. எக்ஸ்டென்ஷன்ங்கறது தற்காலிகமா ஒரு வேலைக்கு. கல்யாண வீட்டில் மைக் செட்டுக்கு, வாசலில் டிரில்லிங் போட. அதே பாக்ஸ் ஒரு ரூமில் ஒரு வருஷம் நிரந்தரமா கிடக்குதுன்னா, அங்கே ஒரு ப்ளக் பாயின்ட் குறையுதுன்னு அர்த்தம். அதைச் சாக்கில் அள்ளிட்டுப் போனா பாயின்ட் முளைச்சிடாது. ஒளிச்சு வைக்கத்தான் கத்துப்பாங்க. ஒளிச்சு வைக்கறது இன்னும் மோசம். மெத்தைக்கு அடியில், துணிக்குள்ள, அலமாரிக்குப் பின்னாடி. வயர் சூடானா வெளியே போக வழியில்லாத இடங்கள்.

அன்னிக்குச் சாக்கு மூட்டையை வார்டன் ரூமுக்கு அனுப்பாம என் லேபுக்கு எடுத்துட்டுப் போனேன். மறுநாள் கிளாஸில் ஆளுக்கொண்ணு கொடுத்து, ஸ்க்ரூ டிரைவரும் கொடுத்து, "திறந்து பாருங்க"ன்னேன். அந்தக் கிளாஸ் அளவுக்கு நான் எடுத்த எந்தக் கிளாஸும் எடுபட்டதில்லை.

வெளியே பளபளன்னு, மொபைல் சார்ஜ் பண்ற ஓட்டையெல்லாம் வச்சு அழகா இருக்கும் சில பாக்ஸ்களுக்குள்ள எர்த் கம்பியே இல்லை. எங்க மரப்பெட்டி மாதிரியேதான். காலம் மாறியிருக்கு, உண்டியல் மாறலை. சிலதில் கம்பி தலைமுடி மாதிரி. ஒண்ணில் சாக்கெட்டுக்குப் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகி இருந்தது. "இதுல என்னப்பா போட்டீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: "கெட்டில் சார். மேகி."

டாங் டெஸ்டரை வச்சு ஒவ்வொண்ணும் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு அளந்தோம். கணக்கும் போட்டோம். வாட்ஸை 230ஆல் வகுத்தா ஆம்பியர். 65 வாட்ஸ் லேப்டாப் சார்ஜர் 0.3 ஆம்பியரைத் தாண்டாது. நாலு லேப்டாப்பும் நாலு போனும் சேர்த்துப் போட்டாலும் ஒண்ணரை ஆம்பியர் பக்கம்தான். சாதாரண பாக்ஸ் 6 ஆம்பியர் தாங்கும். ஆக, படிக்கிற சாமான் எதுவும் பிரச்சினை இல்லை. 1500 வாட்ஸ் கெட்டில் ஒண்ணே ஒண்ணு 6.5 ஆம்பியர். அது தனியாவே எல்லையைத் தாண்டியாச்சு. கூட 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் போட்டா மொத்தம் 11 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. எத்தனை ப்ளக் சொருகியிருக்குன்னு எண்ணிப் பயப்படறதில் அர்த்தமில்லை. சூடு பண்ற சாமான் அதில் எத்தனைன்னு எண்ணணும். ஒண்ணு இருந்தாலே ஒண்ணு ஜாஸ்தி.

கரண்ட் ரெண்டு மடங்கானா வயரில் சூடும் ரெண்டு மடங்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை, நாலு மடங்கு. மூணு மடங்கானா ஒன்பது மடங்கு. அதனாலதான் "நேத்து ஒண்ணும் ஆகலையே, இன்னிக்கு இன்னும் ஒண்ணுதானே"ன்னு சொருகற அந்தக் கடைசிச் சாமான் வேலையைக் காட்டிடுது. வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வச்சா இன்னும் மோசம். சுருளுக்குள்ள சூடு ஒண்ணுக்கொண்ணு போர்வை போர்த்திக்கும்.

"எம்.சி.பி ட்ரிப் ஆயிடாதா சார்?"

எல்லா வருஷமும் வர்ற கேள்வி. நியாயமான நம்பிக்கைதான், ஆனா தப்பான நம்பிக்கை. எம்.சி.பி இருக்கறது சுவருக்குள்ள ஓடற வயரைக் காப்பாத்த. 16 ஆம்பியர் எம்.சி.பிக்கு 11 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை, நாள் முழுக்க விட்டுக்கிட்டிருக்கும். உங்க 6 ஆம்பியர் பாக்ஸ் மெத்தைக்கடியில் வெந்துக்கிட்டிருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதே மாதிரி ஷாக்குக்கும் அது அசையாது. ஒரு மனுஷன் தசை இறுகிக் கையை எடுக்க முடியாமப் போறதுக்கு 10, 20 மில்லி ஆம்பியர் போதும். ஆம்பியரில் நூத்தில் ஒரு பங்கு, ரெண்டு பங்கு. தேனிக்காரன் விறைச்சு நின்னப்போ எங்க ஹாஸ்டல் ஃபியூஸ் நிம்மதியாத் தூங்கினது அதனாலதான். அதுக்கு வேற காவல்காரன் இருக்கார், ஆர்.சி.சி.பி. போன கரண்ட் அதே அளவு திரும்பி வருதான்னு பார்த்துக்கிட்டே இருப்பார். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா கண் சிமிட்டற நேரத்துக்குள்ள வெட்டிடுவார். மாசம் ஒரு தடவை அதில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. உங்க வீட்டிலேயும்தான்.

கிளாஸ் முடிஞ்சதும் உட்கார்ந்து மெயின்டனன்ஸுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். கட்டிலுக்கு ரெண்டு 6 ஆம்பியர் பாயின்ட். வராண்டா கோடியில் ஒரு சின்ன ரூம், அங்கே 16 ஆம்பியர் பாயின்டில் கெட்டிலும் அயர்ன் பாக்ஸும். பாத்ரூமுக்கு கீசர், அப்போ ராடுக்கே வேலை இல்லை. மாடிக்கு மாடி ஆர்.சி.சி.பி. கூடவே அந்த உருகின பாக்ஸையும் கொண்டு போய் மேஜை மேல வச்சேன். "எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குத் தடைன்னு ஒரு போர்டு வச்சா போதாதா சார், இவ்வளவு செலவு எதுக்கு?" என்றார் அங்கே இருந்தவர். "போர்டு எங்க காலத்திலேயும் இருந்தது சார்"ன்னேன். அவருக்குப் புரிஞ்சுதான்னு தெரியலை. ஒரு பிளாக்கில் வேலை முடிஞ்சிருக்கு. மத்ததுக்கு 'ஃபண்டு வரட்டும்' என்கிறார்கள். நான் மாசா மாசம் போய் நிக்கிறேன். என்னைப் பார்த்தா அவர் போனை எடுத்துக் காதில் வச்சுக்கிறார் :-)

நேத்து ராத்திரி தேனிக்காரனைக் கூப்பிட்டேன். முதலில் அவன் கேட்டதுக்குப் பதில். அதை உங்களுக்கும் சேர்த்தே சொல்லிடறேன், பிள்ளைகளை ஹாஸ்டலுக்கு அனுப்பறவங்க குறிச்சுக்கலாம்.

முதல்ல அந்த ஹாஸ்டல்ல பாக்ஸ் அனுமதி உண்டான்னு கேளு. இல்லைன்னா, பாயின்ட் எத்தனைன்னு அடுத்த கேள்வியும் கேளு. பெத்தவங்க கேட்டா கொஞ்சம் காது கேக்கும்.

வாங்கினா ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா, உருண்டை வயரா, உள்ளே மூணு கம்பி இருக்கிறதா வாங்கு. கம்பி 1 சதுர மில்லிமீட்டராவது இருக்கணும், 1.5ன்னா நல்லது. ஓவர்லோடு ஆனா துள்ளிக்கிட்டு வெளியே வர்ற பட்டன் வச்சதா பாரு. அந்த பட்டன்தான் உன் பாக்ஸுக்கு எம்.சி.பி. நீளம் எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். மிச்சம் இருந்தா சுருட்டத்தான் தோணும்.

கடையிலேயே மீட்டர் வச்சு, ப்ளக்கோட பெரிய பின்னுக்கும் பாக்ஸோட மேல் ஓட்டைக்கும் தொடர்பு இருக்கான்னு பார்க்கச் சொல்லு. இல்லைன்னா எர்த் இல்லை. திருப்பிக் குடுத்துடு.

லேப்டாப், போன், டேபிள் லைட் மட்டும். சூடு பண்றது எதுவும் கூடாது. கெட்டிலோட ப்ளக்கில் பின் ஏன் தடியா இருக்கு? சின்ன ஓட்டையில் நுழையக் கூடாதுன்னுதான் தடியா வச்சிருக்கான். கன்வர்ட்டர் மாட்டி நுழைக்கறது, வாசலில் நிறுத்தின ஆளைக் கொல்லைப் பக்கமா கூட்டிட்டு வர்ற மாதிரி.

பாக்ஸுக்குள்ள இன்னொரு பாக்ஸ் சொருகக் கூடாது. கதவு இடுக்கில், மெத்தைக்கு அடியில், பாய்க்கு அடியில் வயர் போகக் கூடாது. ப்ளக் தொட்டா சுடுதா, பொசுங்கற வாடை வருதா, அன்னிக்கே தூக்கிப் போட்டுடணும். டேப் சுத்தி வச்சுக்கற பொருள் இல்லை அது. ஏதாவது எரிஞ்சா முதல்ல மெயினை அணைக்கணும். தண்ணி ஊத்தக் கூடாது. ஷாக் அடிச்ச ஆளைக் கையால தொடக் கூடாது. நான் அன்னிக்கு உன்னை இழுக்காம வயரை இழுத்தது என் புத்திசாலித்தனம் இல்லை, நம்ம ரெண்டு பேர் அதிர்ஷ்டம்.

அவன் எல்லாத்தையும் "ம், ம்"ன்னு கேட்டு எழுதிக்கிட்டான். அப்புறம் நான், "இன்னொண்ணு இருக்குடா"ன்னேன். சொன்னேன். ஃபேஸ், நியூட்ரல், தீக்குச்சி, லேப் அண்ணன், டெஸ்டர், எல்லாம். எனக்கு மூணாம் வருஷமே தெரியும்ங்கறதையும். நீ அணைச்சுட்டுத்தான்டா கை வெச்சே, நான்தான் மாத்திச் சொருகியிருந்தேன், சத்தத்தை நானே கேட்டேன், கேட்டுட்டும் வார்டன் முன்னாடி சொல்லலைன்னு.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஃபேன் ஓடற சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்டா" என்றான்.

எனக்குப் பதில் வரலை. அவனே, "சரி விடு. ராத்திரியில பழசெல்லாம் எதுக்கு"ன்னுட்டு, "அந்த கம்பி அளவு என்ன சொன்னே, ஒண்ணா, ஒண்ணரையா?" என்று கேட்டான்.

"ஒண்ணரையே வாங்கிடுடா."

"விலை ஜாஸ்தியா இருக்குமே."

"இருக்கட்டும். நான் வாங்கி அனுப்பறேன்."

"நீ வாங்கு. ஆனா கடைக்காரன் சொருகித் தரட்டும்" என்றான். சிரிச்சானா, நிஜமாவே சொன்னானான்னு தெரியலை.

இன்னிக்குச் சாயங்காலம் போய் வாங்கிட்டேன். லேபில் வச்சு எர்த் பார்த்தாச்சு, ஃபேஸ் வலப்பக்கம்தான் வருதான்னும் பார்த்தாச்சு. ரெண்டு தடவை. காலையில் கூரியரில் போடணும்.